மேல் மாடி வரைக்கும் துணை

"அவர் கூட்டிட்டுப் போனா வலிக்காது" என்று அந்த ஆபீஸில் ஒரு பேச்சு உண்டு.

ஆள் குறைப்பு ஆரம்பித்ததிலிருந்து மற்ற பிரிவுகளில் எல்லாம் ஒரே ஒரு மெயில்தான் வரும். அடுத்த நிமிடம் ஐடி கார்டுக்குக் கதவு திறக்காது. வாசலில் நின்று தட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

நம் மேனேஜர் அப்படியில்லை. தானே போய் அந்த ஆளின் மேஜை அருகே நிற்பார். "வாங்க, மேல போயிட்டு வரலாம்" என்பார். லிஃப்ட்டில் வீட்டு நலம் விசாரிப்பார். மேல் மாடியில் ஹெச்.ஆர். அறை வரை தோளில் கை போட்டு அழைத்துப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, கையெழுத்து முடியும்வரை கூடவே இருப்பார்.

சீட்டுக் கிழிந்து போனவர்கள்கூட அவரைத் திட்டியதில்லை. "கிராமத்து மனுஷன். அந்த ஈரம் இன்னும் இருக்கு" என்பார்கள்.

டைரக்டருக்கும் அவர் செல்லப்பிள்ளை. "உங்க ஆளுங்க மட்டும் சத்தமே போடறதில்ல, எப்படிய்யா?" என்று தோளில் தட்டுவார். ஆடு மேய்த்தவர் மகனுக்கு அந்தத் தட்டலில் உச்சி குளிர்ந்துவிடும். புதிதாகக் கண்ணாடி அறை கிடைத்ததும் அதற்குப் பிறகுதான்.

இன்று ஹெச்.ஆர். பெண் போனில் சொன்ன பெயரைக் கேட்டதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அக்கா.

கூடப் பிறந்த அக்கா இல்லை. ஊரிலிருந்து தகரப் பெட்டியோடு வந்து சேர்ந்த புதிதில் பக்கத்து சீட். டை கட்டச் சொல்லிக் கொடுத்தவர். மீட்டிங்கில் இவருக்கு நாக்குப் புரளாமல் போனால், மேஜைக்கடியில் காலை மிதித்து "பேசுடா, யாரும் உன்னைக் கடிச்சுத் தின்னுட மாட்டாங்க" என்றவர். தம்பி மளமளவென்று மேலே போனார். அக்கா அதே நாற்காலியில் இருந்தார். புருஷன் படுத்த படுக்கை. அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"அவங்களை விட்டுடலாமே. ரொம்ப வருஷத்து ஆளு" என்று மென்று விழுங்கினார்.

"அப்ப அவங்களுக்குப் பதிலா வேற யார் பேரைத் தர்றீங்க சார்?"

பிரிவில் மிச்சம் இருந்ததே அக்காவும் அவரும்தான். தன் பெயர் தொண்டை வரை வந்தது. அவர் போனை வைத்துவிட்டார்.

காலி நாற்காலிகளைத் தாண்டிப் போய் வழக்கமான இடத்தில் நின்றார்.

"அக்கா, மேல போயிட்டு வரலாமா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். மேஜையில் இருந்த புருஷன் போட்டோவை எடுத்துக் கைப்பைக்குள் வைத்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"பை எதுக்குக்கா? இங்கயே இருக்கட்டுமே."

"இருக்கட்டும்டா, வா."

லிஃப்ட் கதவு மூடியதும் அக்காவே பேச்சை ஆரம்பித்தார்.

"டேய், அந்த வியாபாரி ஆட்டுக் கதையைச் சொல்லேன். கேட்டு எவ்வளவு நாளாச்சு!"

வேலைக்கு வந்த புதிதில் சாப்பாட்டு நேரத்தில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்த கதை.

"இப்ப எதுக்குக்கா அது?"

"சும்மா சொல்லு."

"என் படிப்புக்காக அப்பா ஆடு விப்பாரு. வியாபாரி லாரி கொண்டுவருவான். அடிச்சாலும் உதைச்சாலும் ஒரு ஆடும் பலகையில ஏறாது. வியாபாரி தன்கிட்ட சொந்தமா ஒரு ஆடு வச்சிருப்பான், கழுத்துல மணி கட்டி. அதை முன்னாடி விடுவான். அது ஜம்முனு ஏறும். நம்மாளே போறானே, அப்புறம் என்ன பயம்னு மத்ததெல்லாம் பின்னாடியே..."

எத்தனையோ தடவை சொன்ன கதை. இன்றைக்குத்தான் அது யாருடைய கதை என்று அவருக்கு உறைத்தது.

"மீதியை நான் சொல்றேன்" என்றார் அக்கா. "கதவைச் சாத்தறதுக்குள்ள மணிக்காரன் மட்டும் நைசாக் கீழ குதிச்சுடுவான். அவனுக்கு ஒரு கட்டுத் தழை கிடைக்கும். சரிதானே?"

"அக்கா, நான்..."

"அழாதடா. கண்ணைத் துடை. உள்ள பார்த்தா என்ன நினைப்பாங்க? தெரிஞ்சுதான் வர்றேன். நான் வரமாட்டேன்னு மல்லுக்கு நின்னா உன் பொழப்புல மண்ணு விழும். நம்மள்ல ஒருத்தனாவது கீழ இறங்கட்டும்."

அறையில் அக்கா எதையும் படித்துப் பார்க்கவில்லை. காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் ஏதோ நினைவு வந்தவராகத் திரும்பினார்.

"ஆமா, அந்த மணி ஆடு கடைசில என்னடா ஆச்சு? நீ சொன்னதே இல்லையே."

"தெரியலக்கா."

தெரியும். ஊரில் இருந்த ஆடெல்லாம் விற்றுத் தீர்ந்த வருஷம், கடைசி லாரியில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு மணி ஆடு வழக்கம்போல் இறங்கத் திரும்பியது. வியாபாரி அதற்குள் கதவைச் சாத்தியிருந்தான்.

அக்கா அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார். டைரக்டர் தட்டுகிற அதே தோள்தான். இந்தத் தட்டலைத் தாங்க முடியவில்லை.

கீழே வந்து சேர்ந்தார். ஒரு ஈ, காக்கா இல்லை. கண்ணாடி அறையில் போன் அடித்தது.

"சார், கொஞ்சம் மேல வர்றீங்களா?" ஹெச்.ஆர். பெண்தான். குரலில் தேன் ஒழுகியது.

பழக்க தோஷம். "யாரைக் கூட்டிட்டு வரணும்?" என்று கேட்டார்.

"யாரையும் வேண்டாம் சார். நீங்க மட்டும் வாங்க."