கிள்ளிய கை

"இன்னிக்கு நாலு தலை போயிருக்கு" என்றார் பரிசோதகர். நோட்டுப் புத்தகத்திலும் குறித்துக்கொண்டார்.

"யார் யாரு?" என்று கேட்டார் மனைவி, காய் நறுக்குவதை நிறுத்தாமல்.

"மூணு, ஏழு, ஒன்பது, பன்னெண்டு."

எல்லாம் சாமந்தித் தொட்டிகள். முப்பத்தோரு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்துவிட்டு ஓய்வு பெற்றவர் என்பதால், பால்கனியில் வைத்த பன்னிரண்டு தொட்டிக்கும் பெயின்டால் நம்பர் போட்டிருந்தார். போனது செடிகளின் நுனிக் கொழுந்து. காலையில் இருக்கும்; அவர் குளித்துவிட்டு வந்து பார்த்தால் இருக்காது.

ஓய்வு பெற்றபின் இந்த மனிதர் வீட்டில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவார் என்று மனைவி ஆசையாகக் காத்திருந்தார். பரிசோதகரும் உட்காரத்தான் செய்தார், பேசவும் செய்தார், ஆனால் எல்லாம் செடிகளிடம். "என்ன செல்லம், நேத்து வெயில் ஜாஸ்தியா?" என்று ஏழாம் நம்பரைக் குசலம் விசாரிக்கும்போது, உள்ளே அவருக்காகப் போட்ட காபி ஆறிக்கொண்டிருக்கும்.

சந்தேகம் பக்கத்து வீட்டுப் பல் டாக்டர்மேல் விழுந்தது. இரண்டு பால்கனிக்கும் நடுவே இடுப்பளவுச் சுவர்தான், கை நீட்டினால் எட்டிவிடும். போன வாரம் செஸ்ஸில் தொடர்ந்து மூன்று ஆட்டம் தோற்றவர் வேறு. வாழ்நாள் முழுக்கப் பிடுங்கியே பழகிய கை ஓய்வு பெற்றால் மட்டும் சும்மா இருக்குமா என்பது பரிசோதகரின் வாதம்.

"பாவங்க, அவர் அப்படிப்பட்டவர் இல்லை" என்றார் மனைவி.

"டிக்கெட் எடுக்காதவன் எல்லாம் பார்க்க அப்படித்தான் இருப்பான்."

அன்றோடு செஸ் நின்றது. பதினெட்டு வருஷத்துப் பழக்கம். டாக்டர் இரண்டு மூன்று நாள் காய்களை அடுக்கி வைத்துவிட்டுச் சுவரோரம் வந்து நின்று பார்த்தார். பரிசோதகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இருக்கிற ஒரே சிநேகிதரும் போய்விட்டாரே என்று மனசு அடித்துக்கொண்டது, ஆனால் வீம்பு விடவில்லை.

நாற்காலி பால்கனிக்குப் போனது. சாப்பாடு அங்கே, பேப்பர் அங்கே, மதியத் தூக்கமும் அங்கேயே. குளிக்க மட்டும் உள்ளே வருவார். அந்தப் பத்து நிமிஷம் கிள்ளுகிறவருக்குப் போதுமானதாக இருந்தது.

மூன்றாவது வாரம், கிள்ளிய ஒவ்வொரு இடத்திலும் இரண்டும் மூன்றுமாகப் புதுக் கொழுந்து எட்டிப் பார்த்தது. மனைவி வந்து பார்த்தார்.

"என்னங்க இது, போகப் போக இப்படி முளைக்குது?" என்றபோது அவர் முகம் வாடியிருந்தது. தன் கவலை அவளையும் பிடித்துக்கொண்டதே என்று பரிசோதகர் உருகிப் போனார்.

அதன்பிறகு ஒரு தலைகூடப் போகவில்லை. தன் காவலுக்குக் கிடைத்த வெற்றி என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டுக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்துப் பால்கனி கொள்ளாமல் பூத்தது. மஞ்சளும் வெள்ளையுமாக, தொட்டிக்கு நாற்பது ஐம்பது பூ. இலையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். டாக்டரால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பேச வேண்டாம், பார்த்துவிட்டு மட்டும் போகிறேன் என்று சுவருக்கு வந்தவர், கிளைகளை விலக்கி, கடைவாய்ப் பல்லைப் பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தார்.

"அளவா நுனி கிள்ளியிருக்கீங்களே சார். எங்க அம்மா இப்படித்தான் செய்வாங்க. கிள்ளாம விட்டா ஒத்தையா நெட்டுக்குப் போய் நாலு பூவோட நின்னுடும். யார் சொல்லிக் கொடுத்தது?"

பரிசோதகர் விழித்தார். "கிள்ளினது நீங்கதானே?"

"நானா? இதுக்காகவா சார் இத்தனை நாளா என் முகத்தைப் பார்க்கலை?" டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

காபியோடு வந்த மனைவிக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. செய்யாத தப்புக்கு ஒரு நல்ல மனிதர் தண்டனை அனுபவித்திருக்கிறாரே என்று வெட்கமாக இருந்தது.

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் கிள்ளினேன்" என்று சொல்லிவிட்டு, திட்டு வாங்கத் தயாராக நின்றார்.

பரிசோதகருக்குக் கோபம் வரவில்லை. மனைவியையும் பூக்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பார்த்தீங்களா டாக்டர், எனக்காக எவ்வளவு செஞ்சிருக்கா. நான் அவகிட்ட ஒரு வார்த்தை பேசக்கூட இல்லை" என்றார்.

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தார். இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு பாராட்டியதில் அது எடுபடவில்லை. பரிசோதகர் சுவருக்கு மேலேயே டாக்டரின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். பிறகு உள்ளே போய் இன்னொரு நாற்காலியைத் தூக்கிவந்து தன் நாற்காலிக்குப் பக்கத்தில் போட்டு, இனிமேல் காலையும் மாலையும் நீ இங்கேதான் உட்கார வேண்டும் என்று மனைவிக்கு உத்தரவு போட்டார்.

அன்று மாலை மகள் போன் செய்தாள். அவளிடம் மனைவியின் கைத்திறனைக் கால்மணி நேரம் அளந்துவிட்டு, பரிசோதகர் செஸ் பலகைக்கு ஓடினார். மகளுக்கு நம்பவே முடியவில்லை.

"செடிக்கு நீ தண்ணிகூட ஊத்தினதில்லையேம்மா. இந்த வித்தையெல்லாம் எப்போ கத்துக்கிட்டே?"

அம்மா போனோடு சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"பட்டுப்போகட்டும்னுதான்டி கிள்ளினேன்."