பையில் இருந்த கை

"இதுவும் வேண்டாம் தம்பி. வேற காட்டு."

ஐந்தாவது தூண்டில் கம்பு. ஐந்தையும் அந்தம்மா வலது கையால்தான் வாங்கிப் பார்த்தாள். இடது கை கடைக்குள் நுழைந்ததிலிருந்து கோட்டுப் பையை விட்டு வெளியே வரவேயில்லை.

கடையில் வேலை பார்க்கும் தெமிர்கானுக்கு அந்தப் பையின் மேல்தான் கண். போன வாரம் நாலு பொம்மை மீன் காணாமல் போயிருந்தது. கண்ணை உருட்டிக்கொண்டு, வயிற்றுக்குக் கீழே மும்முனைக் கொக்கியோடு தொங்குமே, அந்த இரை. முதலாளி கத்தவில்லை. "இன்னொண்ணு போச்சுன்னா, நீயும் அது பின்னாலயே போயிடு" என்று மட்டும் சொன்னார். வீட்டில் கைக்குழந்தை. இந்த வேலையும் போனால் அவன் எங்கே போவான்?

"யாருக்குக்கா கம்பு?"

"எங்க வீட்டுக்காரருக்கு. இலி ஆத்து நாணல்ல ஷோர்த்தான் மீன் பிடிக்க."

"அப்போ அவரையே கூட்டிட்டு வாங்களேன். கம்பு, செருப்பு மாதிரி. போடுறவங்க போட்டுப் பாத்துத்தான் வாங்கணும்."

"அவர் வரமாட்டார். எனக்குத் தெரியும், நீ காட்டு."

வரமாட்டாராம். புருஷன்னு ஒருத்தர் இருக்காரோ என்னவோ என்று நினைத்துக்கொண்டே அவன் ஆறாவதை இறக்கினான்.

குளிருக்கு மூட்டிய அடுப்பு திகுதிகுவென்று எரிந்தது. அந்தம்மாவின் நெற்றியெல்லாம் வேர்வை. ஆனாலும் கோட்டைக் கழற்றுவதாக இல்லை. பக்கத்துக் கம்பளி பூட்ஸ் கடை சபூரா பால் டீயோடு வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்த்தாள்.

"என்ன தெமிர்கான், அக்கா கம்பு பாக்குறாங்களா, மாப்பிள்ளை பாக்குறாங்களா?" என்றவள் குரலைத் தாழ்த்தி, "கையைப் பாத்துக்கோ" என்றாள்.

சொல்லித்தான் தெரியணுமா?

"இதை எடுத்துக்குங்கக்கா. நீளப் பிடி, ரெண்டு கையும் போடலாம். ஷோர்த்தான் லேசுப்பட்ட மீனா? இரையைக் கவ்வுனதும் நாணலுக்குள்ள பாயும். விட்டா தண்டைச் சுத்தி தூண்டில் நரம்பை அறுத்துட்டுப் போயிடும். ரெண்டு கையாலயும் ஒரே இழுப்பா வெளிய இழுக்கணும்."

"ரெண்டு கை வேண்டாம். கம்பு குட்டையா, விறைப்பா இருக்கணும். கனம் கூடாது."

"இருபது வருஷமா கம்பு விக்கிற எங்க முதலாளிகூட இப்படி ஒரு கம்பைக் கேள்விப்பட்டதில்ல. நாணலை விட்டுட்டு வெட்டவெளித் தண்ணியில போடச் சொல்லுங்களேன். எந்தக் கம்பும் தாங்கும்."

"நாணலை விட்டா அவர் தூண்டிலே தொடமாட்டார்."

வலது கையால் கம்பை ஒரு வீசு வீசினாள். பிறகு செய்தாளே ஒரு காரியம்! கம்பின் அடியைச் சட்டென்று இடது கக்கத்தில், கோட்டுக்குள்ளே செருகினாள். முழங்கையால் இறுக்கிக்கொண்டு, நரம்பைச் சுருட்டுவது போல வலது கையைக் காற்றில் ரெண்டு சுற்றுச் சுற்றினாள்.

சபூரா கண்ணைக் காட்டினாள். எவ்வளவு பெரிய பொருள் கோட்டுக்குள் அடங்கும் என்று அந்தம்மா அளவு பார்க்கிறாள்!

"அக்கா, கம்பை வெளிய எடுங்க."

அவள் எடுத்துக் கொடுத்தாள். முகத்தில் ஒரு பதற்றமும் இல்லை. பழம் தின்று கொட்டை போட்டவள் போலிருக்கிறது என்று நினைத்தான்.

கம்பைத் திரும்ப மாட்டப் போனவன் அப்படியே நின்றான். பொம்மை மீன் பலகையில் ஓர் ஆணி காலி. காலையில் அங்கே பச்சை மீன் தொங்கியது. அவனே மாட்டியது.

நேராகக் கேட்டுவிட்டான்.

"கையை வெளிய எடுங்கக்கா."

"எதுக்குத் தம்பி?"

"எடுங்கன்னா எடுங்க. பச்சை மீனைக் காணோம். வந்ததுலேர்ந்து பாக்குறேன், அந்தக் கை பையை விட்டு வரவேயில்ல. எனக்கு வேலை போயிடும்க்கா."

சபூரா டீயை உறிஞ்ச மறந்து நின்றாள்.

அந்தம்மா மெதுவாக இடது கையை எடுத்து விரித்துக் காட்டினாள். ஒன்றுமில்லை. பையையும் வெளியே இழுத்துக் காட்டினாள். ஒரு கைக்குட்டை விழுந்தது, அவ்வளவுதான்.

"உன் பச்சை மீன், உன் முழங்கையிலதான் தொங்குது தம்பி. மேல இருக்கிற கம்பை எக்கி எடுத்தப்பவே மாட்டிக்கிச்சு. நீ கோவத்துல இருந்தே, அப்புறம் சொல்லிக்கலாம்னு விட்டேன்."

திரும்பிப் பார்த்தான். ஸ்வெட்டர் கம்பளியில் கொக்கி மாட்டிக்கொண்டு, பச்சை மீன் அவனைப் பார்த்து முழித்தது. சபூரா மெல்ல நழுவினாள்.

தெமிர்கான் வெட்கத்தோடு பச்சை மீனைக் கழற்றினான். குனிந்து கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தான்.

"மன்னிச்சிடுங்கக்கா. ஆனா... கை சும்மாதானே இருக்கு. அதை ஏன் அப்படிப் பூட்டி வெச்சீங்க?"

அவள் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தாள்.

"போன அறுப்புல நெல்லறுக்கிற மிஷின் எங்க வீட்டுக்காரர் இடது கையை வாங்கிடுச்சு தம்பி. முழங்கை வரைக்கும்தான் மிச்சம். கடைக்கு வந்து நாலு பேர் முன்னால கக்கத்துல வெச்சுப் பாக்க அவருக்குக் கூச்சம். அவர் எப்படிப் பிடிப்பாரோ, அப்படி நான் பிடிச்சுப் பாத்தாத்தானே தெரியும்?"

சொல்லிவிட்டு இடது கையை மறுபடி பைக்குள் விட்டுக்கொண்டாள்.

தெமிர்கான் தன் இடது கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டு, வலது கையால் அடுத்த கம்பை எடுத்தான்.