மூச்சைப் பிடிங்க!

"போம்மா போ! சோறு போட்ட டிபார்ட்மென்ட்டை விட்டுட்டு ஓடு! நல்லா இரு!"

எக்ஸ்ரே சீஃப் போட்ட சத்தத்துல, சட்டையைக் கழட்டிட்டு நின்ன பேஷன்ட் பயந்துபோய் திரும்ப மாட்டிக்கிட்டார்.

திட்டு வாங்கினது கடைக்குட்டி. எக்ஸ்ரே ரூம்லயே வயசுல சின்னவ, அதனால அந்தப் பேரு. அப்படி என்ன குத்தம் பண்ணிட்டா? மாடியில ஸ்கேன் ரூம்ல ஒரே ஒரு வேலை காலி. அதுக்கு அப்ளிகேஷன் போட்டுட்டா. அவ்ளோதான்!

"இங்க உனக்கு என்ன குறைச்சல்?"

"குறைச்சல்லாம் இல்ல சார். இங்க 'மூச்சைப் பிடிங்க'ன்னு சொல்லிட்டு, ஓடிப்போய் சுவருக்குப் பின்னாடி நின்னு பட்டனை அமுக்கறோம். அங்க கதிர்வீச்சே கிடையாது. பக்கத்துலயே உட்கார்ந்து, வயித்து மேல கருவியை வெச்சா, உள்ள ரத்தம் ஓடறதுகூட தெரியும் சார்! அதுக்குத்தானே ஒரு வருஷமா சாயங்காலம் சாயங்காலம் போய்ப் படிச்சேன்?"

"கை பூரா ஜெல்லு! கொழகொழன்னு! தோள்பட்டை கழண்டு தனியா வந்துடும். எக்ஸ்ரேதான்மா தாய் வீடு. தாய் வீட்டை விட்டு யாராவது போவாங்களா?"

"கல்யாணமானா போவாங்களே சார்" அப்படின்னான் டபுள். எந்தப் படத்தையும் ரெண்டு தடவை எடுக்கற புண்ணியவான். அவனும் அதே வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான்.

சீஃப் முறைச்ச முறைப்புல அன்னிக்கே வாபஸ் வாங்கிட்டான். எழுதிப் போட்ட மத்தவங்களும்தான்.

கடைக்குட்டி மட்டும் அசையல. உடனே சீஃப் ரூட்டை மாத்தினார்.

"முதன்முதல்ல முழங்கால் படம் எடுக்க உனக்குக் கையைப் பிடிச்சு சொல்லிக்குடுத்தது யாரும்மா?"

கேட்கும்போதே அவருக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அவ்வளவுதான், கடைக்குட்டி மெழுகா உருகிட்டா.

வீட்டுக்கு வந்தும் மூக்கை உறிஞ்சிக்கிட்டே இருந்தா.

"மாடிக்குப் போறதுக்கு இவ்ளோ அழுகையா? கப்பல் ஏறிப் போற மாதிரி!" புருஷன்காரன் சிரிச்சான்.

"உங்களுக்கு என்ன தெரியும்? பாவம்ங்க அவரு. என்னைப் பெத்த பொண்ணு மாதிரி நினைக்கிறாரு. நான் வேண்டாம்னு சொல்லிடப் போறேன்."

"அப்போ படிச்ச படிப்பு?"

இன்னொரு தடவை மூக்கை உறிஞ்சினா.

மறுநாள் ஸ்கேன் ரூம்ல டெஸ்ட். வேண்டாம்னு சொல்லிட்டு வந்துடலாம்னு மாடி ஏறினா. ஒவ்வொரு படியும் மலையா கனத்துது.

வாசல்ல இருந்த நர்ஸம்மா, "உட்காரு. உள்ள ஒருத்தருக்கு டெஸ்ட் நடக்குது. அடுத்தது நீதான்"னாங்க.

"இன்னொருத்தரா? எல்லாரும்தான் வாபஸ் வாங்கிட்டாங்களே சிஸ்டர்!"

சொல்லி வாய் மூடல. உள்ளேயிருந்து கணீர்னு ஒரு குரல்.

"மூச்சை நல்லா இழுங்க... பிடிங்க... ஆடக்கூடாது!"

தடதடன்னு ஓடற சத்தம். கதவு படார்னு திறந்துது.

சீஃப்!

பாய்ஞ்சு வெளிய வந்து, சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டு, இல்லாத பட்டனைக் கட்டைவிரலால அமுக்கிட்டு நின்னார். அந்தக் கையிலேர்ந்து ஜெல் சொட்டுச்சு. காலத்துக்கும் ஓடின கால், சும்மா இருக்குமா?

அப்புறம்தான் அவளைப் பார்த்தார்.

"நீ... நீ எங்கேர்ந்தும்மா வர்ற?"

"தாய் வீட்டுலேர்ந்துதான் சார்."

சீஃப் ஜெல் கையை முதுகுக்குப் பின்னாடி ஒளிச்சார். உள்ள டெஸ்ட் வைக்கிற டாக்டர் தலையில அடிச்சுக்கற சத்தம் நல்லாவே கேட்டுது. கூடவே, நசுங்கின குரல்ல பேஷன்ட் பெரியவர்.

"ஐயா... நான் மூச்சை விடலாமா?"

கடைக்குட்டி மூக்கைத் துடைச்சுக்கிட்டா. கோட்டுக் கையை மடிச்சு விட்டுக்கிட்டா.

"கொஞ்சம் வழி விடுங்க சார்."

உள்ள போய், அந்தப் பெரியவர் பக்கத்துல ஸ்டூலை இழுத்துப் போட்டு அழுத்தமா உட்கார்ந்தா.

"நல்லா மூச்சை விடுங்கய்யா. நான் எங்கயும் ஓட மாட்டேன்."