படிக்காதவளின் நாற்காலி

“இந்த வாரமும் படிக்கலையா?”

“பாதி படிச்சேன்க்கா. அப்புறம் தூக்கம் வந்துடுச்சு.”

“மொத்தமே எண்பது பக்கம். அதுக்கே தூக்கமா?”

சுற்றி உட்கார்ந்திருந்த சிறுமிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

சனிக்கிழமை பதினொரு மணி. நூலகத்தின் சிறுவர் பகுதியில் வாசகர் வட்டம். பத்திலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் எட்டுப் பெண் பிள்ளைகள். வாரம் ஒரு புத்தகம், ஆளுக்கொரு பிரதி. விதி ஒன்றே ஒன்றுதான். லைப்ரரி அக்காவே கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள்: படிக்காமல் வரக்கூடாது.

அந்த விதியைக் காற்றில் பறக்கவிட்டவளுக்குத் தோழிகள் வைத்த பெயர் ‘அப்புறம்’. தான் படிக்காத கதையை அடுத்தவள் வாயிலிருந்து பிடுங்குவதே அவள் பிழைப்பு. வெட்கமா, அது கிலோ என்ன விலை என்று கேட்கும் முகம்.

இப்போதும் கொஞ்சமும் அசராமல், நாற்காலியை இழுத்துப் பக்கத்திலிருந்த ரெட்டைப் பின்னல் பெண்ணோடு ஒட்டிக்கொண்டாள்.

“ஏய், அந்த நாய் பேரு என்ன? மறந்துட்டேன்.”

ரெட்டைப் பின்னல், வாயில் கடித்துக்கொண்டிருந்த பின்னல் நுனியை வெளியே எடுத்தாள். “புயல்.”

“ஆங், புயல். அது எதுக்குப் பெட்டியைப் பாத்துக் குரைச்சுது?”

“உள்ள... உள்ள கப்பல்காரரோட சட்டை இருந்துச்சு.”

“ஐயோ! அப்புறம் என்னாச்சு?”

அப்புறம் என்ன, பத்து நிமிஷம் ரெட்டைப் பின்னல் நிறுத்தவே இல்லை. மற்ற பிள்ளைகளும் நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து கேட்டார்கள்.

லைப்ரரி அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் வாயாடி, வெளியே வந்தால் வாய்க்குப் பூட்டு என்று அம்மாக்காரி அழாத குறையாகக் கொண்டுவந்து விட்ட பெண் இது. வாய் திறந்து பேசினால் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர் என்று அக்கா ஏற்பாடு செய்தாள். எப்படி வேலை செய்கிறது, பாருங்கள்! மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில்கூட அதைப் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தாள்.

ஆனால் இந்த ‘அப்புறம்’? இடம் கேட்டு ஆறு பேர் காத்திருக்கும்போது ஒரு நாற்காலியை இப்படியா பாழாக்குவது?

கூட்டம் கலைந்ததும் அவளைக் கூப்பிட்டாள்.

“நாலு வாரமா பாக்குறேன். உன் லைப்ரரி அட்டையைக் குடு. அடுத்த வாரம் உன் இடம் வேற பொண்ணுக்கு.”

முதல்முறையாக அந்த முகம் வாடியது.

“அக்கா, நான் சும்மா ஓரமா உக்காந்துக்கிறேனே...”

“படிக்காதவளுக்கு இங்க என்ன வேலை?”

அவள் வாசலைப் பார்த்தாள். அங்கே ரெட்டைப் பின்னல் செருப்பை மாட்டிக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தாள். அட்டையையும் புத்தகத்தையும் மேஜைமேல் வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்.

“என் நாற்காலியில யாருக்கா உக்காருவாங்க?”

“அது உனக்கெதுக்கு?”

“கொஞ்சம் பேச்சுக் குடுக்கிற பொண்ணா பாத்து உக்கார வைங்கக்கா.”

போகிறபோதும் புத்திமதியைப் பார் என்று அக்காவுக்கு எரிச்சல்தான் வந்தது.

அடுத்த சனிக்கிழமை அந்த நாற்காலியில் புதுப் பெண். புத்தகத்தைக் கரைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தாள். கேள்வி முடியுமுன் பதில் சொன்னாள். இவளல்லவா வாசகி என்று அக்கா மகிழ்ந்துபோனாள்.

“சரி, இப்ப நீ சொல்லும்மா” என்று ரெட்டைப் பின்னல் பக்கம் திரும்பினாள்.

பின்னல் நுனி வாய்க்குள் போயிற்று.

“சும்மா சொல்லு. நாய் பேரு மாதிரி சின்னதா ஏதாவது.”

நுனி வெளியே வரவே இல்லை. அக்கா ஸ்டிக்கரை எடுத்துக் காட்டினாள். அந்தப் பெண் அதைப் பார்க்கக்கூட இல்லை. பக்கத்து நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு மணி நேரமும் அப்படியே போனது.

உடம்பு சரியில்லையோ என்னவோ என்று அக்கா தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் மனசு கேட்கவில்லை.

பிள்ளைகள் போனபிறகு, திரும்பி வந்த புத்தகங்களை அலமாரியில் அடுக்கினாள். போன வாரம் ‘அப்புறம்’ வைத்துவிட்டுப் போன பிரதியிலிருந்து ஒரு நோட்டுத் தாள் நழுவி விழுந்தது. பென்சில் எழுத்து.

‘பக்கம் 9: நாய் பேரு கேக்கணும். சின்ன பதில், பயப்பட மாட்டா.

பக்கம் 31: பெட்டியைப் பாத்து ஏன் குரைச்சுது?

பக்கம் 58: இதைக் கேக்கக் கூடாது. அழுதுடுவா.

பக்கம் 77: அப்புறம் என்னாச்சுன்னு கேக்கணும். இதுக்கு நிறைய சொல்லுவா. நடுவுல பேசக் கூடாது.

எனக்குத் தெரியும்னு காட்டிக்கவே கூடாது.’

அக்கா அங்கேயே ஒரு குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எண்பது பக்கத்தில் எந்தப் பக்கம் அழவைக்கும் என்பதுவரை அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. அறிக்கையில் எழுதிய அந்தப் பத்தியை நினைத்தபோது அவமானமாக இருந்தது.

எழுந்துபோய் வட்டத்தில் ஒன்பதாவதாக ஒரு நாற்காலியைப் போட்டாள். மேஜை இழுப்பறையில் கிடந்த அட்டையை எடுத்து, அதிலிருந்த எண்ணுக்குப் போன் செய்தாள். ‘அப்புறம்’தான் எடுத்தாள்.

“அடுத்த சனிக்கிழமை வந்துடும்மா. அவ பக்கத்துலயே நாற்காலி போட்டிருக்கேன்.”

அந்தப் பக்கமிருந்து தயங்கித் தயங்கி வந்தது குரல்.

“ஆனா, நான்தான் படிக்கவே மாட்டேனேக்கா...”

அக்கா கையிலிருந்த தாளை ஒருமுறை பார்த்தாள்.

“பரவாயில்லடா. எப்பவும் போல, படிக்காமலே வா.”