கிளவுஸுக்குப் பூஜை

“சார், ரொம்ப நாளா உங்களை ஒண்ணு கேக்கணும்னு...”

“தெரியும்டா. வாயைத் திறக்காதே. உனக்கும் ஒரு நாள் வரும்.”

ஊரடங்குக்கு முந்தைய வாரம் திருத்தணி ரயில் நிலையத்தில் நடந்த இந்தப் பேச்சைக் கோச் கோதண்டபாணி மறக்கவேயில்லை. கேட்க வந்தவன் கங்காதரன், அவருடைய கால்பந்து அணியின் இரண்டாவது கோல்கீப்பர். ஏழு வருடமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன். ஒரு லீக் மேட்ச்கூட ஆடியதில்லை. அவன் கேட்டுவிட்டால் தனக்கு அழுகை வந்துவிடும் என்றுதான் அன்று ரயில் ஏறுகிற சாக்கில் நழுவினார்.

எட்டு மாதம் கழித்து இப்போது லீக் மறுபடி தொடங்குகிறது. மைதானத்தில் ஆள் கிடையாது. கைதட்டலுக்கு ரேடியோ செட்காரர் பென் டிரைவோடு வருவார். கோல் போட்டால் கட்டிப்பிடிக்கக் கூடாது. வீரர்கள் வெளியாட்களைப் பார்க்காமல் ஒரே இடத்தில் அடைந்து கிடக்க வேண்டும். முகூர்த்தங்கள் நின்றுபோய்க் காலியாகக் கிடந்த கல்யாண மண்டபம் ஒன்று அதற்குக் கிடைத்தது. வாசலில் பன்னீர்ச் செம்பு நிறைய சானிடைசர். பந்தியில் ஓர் இலை விட்டு ஓர் இலை.

வெள்ளிக்கிழமை, முதல் கோல்கீப்பர் சைமனுக்கு பாசிட்டிவ். ஆறடி இரண்டங்குல ஆளை ‘மணமகள் அறை’யில் தனியாக வைத்தார்கள்.

“ஞாயித்துக்கிழமை நீதான்டா நிக்கறே” என்று கோச் சொன்னதும் கங்காதரனுக்குக் கண் கலங்கிவிட்டது. கோச்சுக்கும்தான்.

“வீட்ல சொல்லிட்டியா?”

“வீட்டுக்காரி ஊருக்கே சொல்லிட்டா சார். பொதட்டூர்பேட்டைல மாமனாரு தறியை நிறுத்திட்டு, தெருவுக்கே டிவி வெச்சிகினு கீறாரு. மாப்ளைக்கு சான்ஸ் தரலைன்னு ஏழு வருஷமா உங்களைத் திட்டிகினு இருந்தவரு.”

“இனிமே வாழ்த்தட்டும்” என்றார் கோச்.

ஒரே ஒரு நிபந்தனை. ஞாயிறு காலைக்குள் அவனுக்கு நெகட்டிவ் ரிப்போர்ட் வர வேண்டும்.

மாதிரி எடுக்க லேபிலிருந்து வந்த ஜெபசெல்வி எல்லோருக்கும் மூக்கில் குச்சி விட்டு, டியூப்களில் பெயர் எழுதி ஐஸ் பெட்டியில் அடுக்கினாள். இரவு லேபிலிருந்து போன். பட்டியலில் பதினெட்டுப் பேர், டியூப் பதினேழுதான். இல்லாதது கங்காதரனுடையது.

சனிக்கிழமை காலை அவனுக்கு மட்டும் மறுபடி எடுத்தார்கள். அதுவும் காணவில்லை.

“கை கழுவிட்டு வர்றதுக்குள்ள இல்ல சார். ஆண்டவர் மேல சத்தியமா நான் வெச்சேன். அது இன்னா சார், இவர் டியூபுக்கு மட்டும் காலு முளைக்குது?”

கோதண்டபாணிக்கு ரத்தம் கொதித்தது. ஏழு வருடம் காத்திருந்தவன் வாயில் மண்ணைப் போடுவது யார்? சந்தேகம் தடுப்பாட்டக்காரன் நேசகுமார் மேல்தான் போனது. கல்லூரி நாட்களில் கோல்கீப்பராக இருந்தவன். கங்காதரன் இல்லையென்றால் அடுத்து நிற்கப்போவது அவன்தான். காலையில் ஐஸ் பெட்டிப் பக்கம் அவன் நின்றதைக் கோச் பார்த்திருந்தார்.

“அங்கே என்னடா வேலை உனக்கு?”

“முட்டி வீங்கிகினு கீது சார். கொஞ்சம் ஐஸ் கெடைக்குமான்னு...”

“கொரோனா பெட்டியில ஐஸ் தேடுன மொத ஆளு நீதான்டா!”

கங்காதரன் குறுக்கே வந்தான். “வுடுங்க சார். பாவம், நேசு நல்லா நிப்பான். அவனையே நிறுத்துங்க.”

குழி பறிப்பவனுக்கே சிபாரிசு செய்கிறானே என்று கோச் தலையில் அடித்துக்கொண்டார். “சும்மா இருடா. மதியம் கடைசி டெஸ்ட். பெட்டியை என் மடியில வெச்சிகினு நானே லேபுக்குப் போறேன். அதுக்கு முன்னாடி ஒரு பூஜை.”

மணமேடையில் முருகன் படம், பந்து, எலுமிச்சம்பழம், கற்பூரம். “உன் மேட்ச் கிளவுஸ் எங்கே?” என்று கங்காதரனின் பையைத் திறந்தார் கோச்.

“நீங்க ஏன் சார், நானே எடுத்தாறேன்!” என்று அவன் ஓடி வந்தான்.

“இருடா, இன்னிக்கு நான் உனக்குச் செய்யறேன்.”

ஏழு வருடத்துக்கு முன் வாங்கிய கிளவுஸ். விலைச் சீட்டுகூடப் பிய்க்கப்படவில்லை. அதைப் பார்த்ததுமே அவருக்கு மனசு கரைந்தது. சந்தனத்தைக் குழைத்து ஒவ்வொரு விரலாகத் தடவிக்கொண்டு வந்தார். நடுவிரலில் ஏதோ கெட்டியாகத் தட்டியது. மறு கையிலும்.

உதறினார். தாம்பாளத்தில் இரண்டு டியூப்கள் உருண்டன. இரண்டிலும் ஜெபசெல்வியின் குண்டுக் கையெழுத்தில் ‘கங்காதரன்’.

“தொடாதீங்க சார்!” என்று அலறினாள் ஜெபசெல்வி.

கோச் திரும்பிய வேகத்தில் கற்பூரம் அணைந்தது. “டேய் நேசகுமாரு! திருடினது போதாதுன்னு இவன் கிளவுஸுக்குள்ளயே ஒளிச்சு வெச்சியா?”

“ஐயோ சார், நான் ஐஸ்தான்...”

“அவனைத் திட்டாதீங்க சார்.” கங்காதரன் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு முன்னால் வந்தான். “பிராக்டீஸ்னா பறந்து பறந்து புடிக்கறேன். மேட்ச்னு சொன்னாலே காலு நடுங்குது. அன்னிக்கு ஸ்டேஷன்ல கேக்க வந்தேன், நீங்க கேக்க வுடல.”

“என்னடா கேக்க வந்தே?”

“என்னிக்குமே என்னை மட்டும் ஆட வுட்டுடாதீங்க சார்!”