கரையான் தின்ற பக்கம்

இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் என் மீசையை எடுத்துவிடுகிறேன்.

பெரியவர் இழுப்பறையைக் காலிசெய்துகொண்டிருந்தார். சின்னவர் பக்கத்தில் நின்று, கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருகிக்கொண்டிருந்தார்.

அரசு நிறுவனத்தின் பதிவறையில் இவர்கள் இருவர்தான் எழுத்தர்கள். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். வயதில் நாலு மாத வித்தியாசம். அந்த நாலு மாதத்துக்காக இருபத்தெட்டு வருஷமாகச் சின்னவர் 'அண்ணே' என்றே கூப்பிட்டார்.

ஆட்குறைப்பு வந்தது. பதிவறைக்கு ஒருவர் போதுமாம். கடைசியாகச் சேர்ந்தவர் வீட்டுக்குப் போக வேண்டுமாம்.

இரண்டு வீட்டிலும் படிக்கிற பிள்ளைகள்.

ஒரே நாளில் சேர்ந்திருந்தால், அன்றைய வருகைப் பதிவேட்டில் முதல் கையெழுத்துப் போட்டவரே மூத்தவர். யார் போட்டது? இருவருக்குமே ஞாபகம் இல்லை.

பதிவேட்டைத் திறந்தால், அந்தப் பக்கத்தைக் கரையான் தின்றிருந்தது.

அந்தப் பக்கத்தை மட்டும். முன் பக்கத்தில் ஒரு பல்தடம் இல்லை. பின் பக்கத்தில் ஒரு பொடி இல்லை. இரும்பு அலமாரியின் பூட்டைத் தொடாமல் உள்ளே போய், இருபத்தெட்டு வருஷத் தாள்களைப் புரட்டிப் பார்த்து, வேண்டியதைத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறது.

"இந்த ஆபீஸ்ல எடுத்த வேலைய ஒழுங்கா முடிச்சது அது ஒண்ணுதான்யா" என்று மேலாளரே மெச்சினார்.

தாள் இல்லாவிட்டால் வயதைப் பார்ப்பார்கள். ஓய்வுக்குப் பக்கத்தில் இருப்பவர் போக வேண்டும்.

நாலே மாதம்.

சின்னவர் அட்டையைத் திருகுவதை நிறுத்தினார். "அண்ணே, ஒண்ணு சொல்லணும்…"

"என்னத்தச் சொல்லப் போற? விடுடா. அண்ணன் யாரு, தம்பி யாருன்னு கரையானுக்கு என்ன தெரியும்!"

சொல்லிவிட்டுப் பெரியவர் தானே சிரித்தார். மேசைமேல் மிச்சமிருந்த கண்ணாடிக் குண்டை எடுத்துச் சின்னவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

"ஃபேன் காத்துல தாளு பறக்கும். பத்திரமா பாத்துக்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கினார். கடைசிப் படிவரை செருப்புச் சத்தம் கேட்டது. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார்.

எட்டாக மடித்த அந்தத் தாள் சின்னவரின் அடையாள அட்டைக்குப் பின்னால், உறைக்குள் இருக்கிறது. முதல் கையெழுத்து பெரியவருடையது.