சத்தமில்லாத ஊர்வலம்

"மேளத்தை மூட்டை கட்டு. குதிரை மணியிலெல்லாம் கம்பளியை அடை. எவனாவது சந்தோஷத்துல துப்பாக்கியைத் தூக்கினான்னா, பனி கொல்றதுக்கு முன்னாடி நானே கொன்னுடுவேன்."

தேமூர் சொன்னால் சொன்னதுதான். மாப்பிள்ளையின் சித்தப்பா. வழக்கப்படி மாப்பிள்ளை வீட்டிலேயே காத்திருக்க, பெண்ணை அழைத்துவரப் போன கூட்டத்துக்கு அவர்தான் தலைமை. அதுவரை ஆட்டமும் பாட்டமுமாக வந்த கூட்டம், கணவாய் வாசலில் கப்சிப்பென்று அடங்கியது. இனி அந்த வெள்ளைச் சரிவுக்குக் கீழே ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும்.

சிவப்பு முக்காட்டுக்குள் ரோனாஹிக்கு இருப்புக் கொள்ளவில்லை. சேணத்தில் நெளிந்தாள். வந்த வழியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பின்னால் யாரும் வரவில்லை.

"என்ன கண்ணு, அதுக்குள்ள அம்மா ஞாபகமா?" குதிரையைப் பிடித்திருந்த மாப்பிள்ளையின் அத்தை ஹசால் கேட்டாள். "பதில் சொல்லிடாத. புருஷன் வீட்டு வாசலை மிதிக்கிற வரைக்கும் பொண்ணு வாயைத் திறக்கக் கூடாது. என் கல்யாணத்துல எனக்கு அதுதான் பெரிய தண்டனை."

தேமூர் தடியைப் பனிக்குள் செருகினார். முதலில் முரண்டு பிடித்த தடி, பிறகு சரேலென்று உள்ளே போய்விட்டது. அவர் முகம் மாறியது.

"மேல ஓடு மாதிரி இறுகிக் கெடக்கு, அக்கா. கீழ சர்க்கரையா உதிருது. ராத்திரி அடிச்ச காத்து அத்தனை பனியையும் கொண்டாந்து இங்க கொட்டியிருக்கு. வெயில் பட்டா மொத்தமா வழுக்கிட்டு வரும்."

"வெயில் எப்பப் படும்?"

"இதோ, உச்சியைத் தொட்டாச்சு. பேசாம திரும்பிடலாம். நாலு நாள் பொண்ணு வீட்டுலயே கெடப்போம்."

"நாம தின்னுற தீனிக்கு நாலு நாள்ல பொண்ணோட அப்பன் பட்டியில ஒரு ஆடு மிஞ்சாது. கிளம்பின பொண்ணு திரும்பிப் போனா ஊரு என்ன பேசும்?"

"செத்துப்போனா மட்டும் நல்லபடியா பேசுமா? திருப்புங்கடா குதிரையை."

ரோனாஹி சேணத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். திரும்பக் கூடாது. என்ன ஆனாலும் திரும்பக் கூடாது. குதிகாலால் குதிரையின் விலாவில் ஓங்கி ஓர் உதை விட்டாள். ஹசாலின் கையிலிருந்து கடிவாளத்தைப் பறித்துக்கொண்டு, குதிரை சரிவின் கீழே பாய்ந்தது.

தேமூருக்கு வந்த வசவெல்லாம் தொண்டையோடு நின்றது. அங்கே கத்தவா முடியும்? பெண்ணைத் தனியாக விடவும் முடியாது. இடைவெளி விட்டு ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்தார்கள். பாதி வழியில் காலுக்கடியில் தொம்மென்று பனி அமுங்கியது. பின்னால் வந்த அத்தனை பேரும் அப்படியே உறைந்தார்கள். ரோனாஹிக்குப் பயத்தில் அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் குதிரையை நிறுத்தவில்லை.

கடைசி ஆளும் மறுபக்கப் பாறைக்கு வந்து சேர்ந்து மூச்சு வாங்கியபோது, சரிவில் வெயில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் மலையே தோல் உரிந்தது போலப் பனி இறங்கிக் கணவாயை மூடியது.

"தப்பிச்சோம்," என்றார் தேமூர். "இனி பனி உருகுற வரைக்கும் ஒரு ஈ காக்கா அந்தப் பக்கம் போக முடியாது."

ஹசால் கடகடவென்று சிரித்தாள். "புருஷனைப் பார்க்க இவளுக்கு என்ன அவசரம் பாருடா தம்பி. நாப்பது வயசுல நம்ம ஜெம்ஷிதுக்கு வந்த அதிர்ஷ்டம். வாடி என் ஆட்டுக்குட்டி, வழக்கமாவது ஒண்ணாவது, அந்த மூஞ்சியைக் காட்டு."

முக்காட்டை விலக்கினாள். சிரிப்பு பாதியில் நின்றது.

"நான் ரோனாஹி, அத்தை. நீங்க நிச்சயம் பண்ணின பெரிவானோட அக்கா. நீங்க திரும்பியிருந்தா அவளை வழியிலயே பிடிச்சிருப்பீங்க. இந்நேரம் பித்லிஸ் பட்டணத்துக்கு பஸ் ஏறியிருப்பா." ரோனாஹி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னையும் பதினாறு வயசுலதான் இப்படிக் குதிரையில ஏத்தினாங்க. அன்னிக்கு எனக்குப் பதிலா ஏற யாரும் இல்லை."